ராத்திரி முறைக்காரன்

நூறு யூனிட் கரண்ட் விற்றால் அதில் நாற்பது வெயிலிலோ காற்றிலோ விளைந்ததாக இருக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டபோது, தென்மலை மின் விநியோகக் கழகத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, வெயிலிலும் காற்றிலும் கரண்ட் எடுப்பது. இன்னொன்று, எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுப்பது. முதல் வழிக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், வேலை பார்க்க வேண்டும். இரண்டாவது வழிக்குச் சமுத்திரம் மாதிரி ஒருத்தன் கிடைத்தால் போதும்.

சமுத்திரத்துக்குச் சோழபுரத்தில் ஒரு துண்டு நிலம், அதில் வாழை. கிணறு அவனுக்கும் அண்ணன் மலைச்சாமிக்கும் பொது. அப்பா செத்த பிறகு பங்கு பிரித்தபோது நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். கிணற்றுக்கு நடுவே வரப்புப் போட முடியாது. அதனால் பொழுதைப் பிரித்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை அண்ணன் முறை. பொழுது அடைந்ததிலிருந்து விடியும் வரை தம்பி முறை.

அன்றைக்கு அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. சமுத்திரம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பேல் தூக்கிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் பஞ்சு மூட்டையோடு, ராத்திரியெல்லாம் மண்வெட்டியோடு. எப்போது தூங்குவான் என்று யாராவது கேட்டால் அவன் பெண்டாட்டி செல்லத்தாய், "வாய்க்கா ஓரத்துல நின்னுக்கிட்டே தூங்குவாக. மண்வெட்டி கீழ விழுந்தா முழிச்சிக்கிடுவாக" என்பாள். முதுகு போய், மில் வேலை போய், நிலம் மட்டும்தான் மிச்சம் என்று ஆன பிறகும் ராத்திரி முறை அவனோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் கிணற்று முறை என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அண்ணன் தம்பி அரிவாள் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போவார்கள், முறையை மட்டும் மீற மாட்டார்கள். அடுத்தவன் முறையில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்தவன் என்று பேர் வந்துவிட்டால், கல்யாண வீட்டில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் எவனும் உட்கார மாட்டான்.

கழகத்துக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நாற்பது. கிணற்று மோட்டாருக்கு வரும் கம்பத்து லைனை ஒப்படைத்தால் பதிலுக்குச் சூரிய பம்புசெட் தருவதாகத் திட்டம் போட்டார்கள். ஆதவன் அரவணைப்புத் திட்டம் என்று அதற்குப் பேர். லைன் அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் இருந்ததால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும்.

மலைச்சாமி டீக்கடையில் வைத்துத்தான் பேச்சை எடுத்தான்.

"ஏலே, வெயில் மோட்டார் தாரானாம்லே. கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு இனி கம்பத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்."

"பகல்ல சரிண்ணே. என் முறைக்கு?"

"பேட்டரி வைக்கான்லே. பகல்ல குடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி கக்கும். எஞ்சினியர் அவிய வாயாலயே சொன்னாக."

"நெசமாவா?"

"ஒங்கிட்ட பொய் சொல்லி நான் என்னத்தலே வாரிக் கட்டிக்கிறப் போறேன்? டீயக் குடி, ஆறுது."

சமுத்திரம் டீயைக் குடித்தான். அண்ணன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பம்புசெட் வந்தது. கிணற்று மேட்டில் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள். செயற்பொறியாளர் விக்னேஷ்வரன் ரிப்பன் வெட்டினார். அந்தக் கையோடு கம்பத்திலிருந்து வந்த கம்பியையும் வெட்டச் சொன்னார். காற்றில் கம்பி அறுந்து கிடந்தால் வாரக் கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள், இருக்கிற கம்பியை அறுக்க மட்டும் ஏணியோடு வந்திருந்தார்கள். பீஸ் கட்டையைக்கூட மறக்காமல் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பொழுது அடைந்தது. சமுத்திரம் மண்வெட்டியோடு போய் சுவிட்சைப் போட்டான். மோட்டார் பேசவில்லை. இன்னொரு தடவை போட்டான். பலகைகள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தன.

காலையில் ராஜபாளையம் கரண்டாபீசுக்குப் போனான்.

"மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர்.

"இல்ல சார். எங்கண்ணன் இப்ப ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான்."

"அப்ப ஓடுது."

"ராத்திரி ஓடலை சார்."

"ராத்திரி ஓடாததுதாம்பா அதோட குணம். அதைக் குறைன்னு எப்படி எழுதுறது?"

"பேட்டரி வரணுமே சார்."

எழுத்தர் இரக்கப்பட்டு ஒரு புகார் பதிந்து கொடுத்தார். மறுநாள் விடிகாலையில் சமுத்திரத்தின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: தங்கள் பம்புசெட் இயங்கத் தொடங்கியுள்ளது, தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. சூரியன் உதித்திருந்தது. மறுபடி புகார் கொடுத்தான். மறுபடி விடிந்தது, மறுபடி தீர்ந்தது. அப்படியே ஒவ்வொரு நாளும் சேவல் கூப்பிடுகிற நேரத்தில் அவன் குறையைக் கழகம் தீர்த்து வைத்தது. அந்த வருஷம் புகார்களை அதிவேகமாகத் தீர்த்ததற்காக ராஜபாளையம் அலுவலகத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

இதற்குள் வாழை குலை தள்ளும் பருவத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் குலை கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். தப்பி வெளியே வந்தாலும் காய் விரல் மாதிரி சூம்பிப் போகும். வருஷப் பாடு அத்தனையும் அந்தச் சில வாரத்தில் இருக்கிறது. செல்லத்தாய் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து தூருக்குத் தூர் ஊற்றினாள். தென்காசி ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

சமுத்திரம் அண்ணனிடம் போனான்.

"ஒருநா விட்டு ஒருநா எனக்கும் பகல் குடுண்ணே. பேட்டரி வருத மட்டும்."

மலைச்சாமி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப வருத்தப்பட்டான். "அப்பா வச்ச முறைலே. அதுல கை வைக்கலாமா? இந்தா, பேட்டரி வந்துரும். என்னையுந்தான் ஏமாத்திட்டான் அந்த எஞ்சினியர். நாம ரெண்டு பேரும் சேந்து போயி அவனை நாக்கப் புடுங்குத மாதிரி கேப்போம்."

ராத்திரி யாரும் இறைக்காததால் ஊறிய தண்ணீர் முழுக்க இப்போது பகல் முறைக்குத்தான். அந்த வருஷம் மலைச்சாமி தன் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் புதிதாக நெல் நட்டிருந்தான். சமுத்திரம் அதையும் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. அண்ணனும் ஏமாந்தவன்தானே என்று நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வாடகைக்கு ஆயில் எஞ்சின் வைத்து இறைக்கலாம் என்று பார்த்தான். திட்டத்தில் சேர்ந்த கிணற்றில் டீசல் கூடாது என்று கழகத்தார் வந்து மறித்துவிட்டார்கள். மறித்தவர்கள் ஒரு சேதியும் சொல்லிவிட்டுப் போனார்கள்: திட்டத்தின் விளம்பரத்துக்கு அவனைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்களாம்.

ஒரு சாயங்காலம் பொழுது மங்கும் நேரத்தில் விக்னேஷ்வரன் ஒரு படப்பிடிப்புக் கோஷ்டியோடு வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு மினிலாரி, அதில் ஒரு பெரிய ஜெனரேட்டர். இருட்டைப் படம் எடுக்க வெளிச்சம் வேண்டுமாம். ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. கிணற்று மேடு திருவிழா மாதிரி பளபளத்தது.

"இயல்பா நில்லுங்க சமுத்திரம். இருட்டுல நிம்மதியா இருக்கிற மாதிரி" என்றார் விக்னேஷ்வரன்.

"நிம்மதியான மொகம் எங்க வீட்ல இருப்பு இல்ல சார். வேணும்னா பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்றாள் செல்லத்தாய்.

சமுத்திரம் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், பழைய மோட்டார் இன்னும் கிணத்துக்குள்ளதான் கெடக்கு. அந்த ஜெனரேட்டரைச் செத்த நேரம் அதுல மாட்டி விடுங்க. ரெண்டு பாத்தியாவது நனையும்."

விக்னேஷ்வரன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "டீசலா? இந்தக் கிணத்துலயா? இதைத் தூய கிணறுன்னு மேலிடத்துக்கு எழுதியாச்சுங்க. ஒரு சொட்டு டீசல் பட்டா எங்க சதவீதமே தீட்டாயிரும்."

ஜெனரேட்டர் இன்னும் வேகமாக உறுமியது. சமுத்திரம் பல்லைக் காட்டும் வரை அவர்கள் விடவில்லை.

அப்புறம்தான் அந்தப் பொது விசாரணை வந்தது. நாற்பதை அறுபது ஆக்கலாமா, கட்டாயம் என்பதே கூடுமா கூடாதா என்று மக்களிடம் கருத்துக் கேட்க, மின்சார நெறிமுறை மன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவதாக அறிவித்தார்கள். பயனாளி என்ற முறையில் சமுத்திரமும் முன்மாதிரி விவசாயி என்ற முறையில் மலைச்சாமியும் பேச வர வேண்டும்.

"இதுதாம்லே சமயம். எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, லைனைத் திருப்பிக் குடுன்னு கேட்டுரு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றான் மலைச்சாமி. மூன்று பேருக்கும் அவனே பஸ் டிக்கெட் எடுத்தான். செல்லத்தாய்க்கு ஜன்னல் ஓரத்து சீட்டைப் பிடித்துக் கொடுத்தான்.

முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மண்டப வாசலில் குலையோடு கட்டிய வாழை மரம் இரண்டு இன்னும் வாடாமல் நின்றது. சமுத்திரம் உள்ளே போகாமல் அந்தக் குலையைத் தடவிக்கொண்டே நின்றான். காய் ஒவ்வொன்றும் குழந்தை கை மாதிரி உருண்டு திரண்டிருந்தது.

"வெட்டிக் கட்டுன மரமே நல்லா இருக்கு. நம்ம மரம் வேரோட நின்னுக்கிட்டு சாவுது" என்றாள் செல்லத்தாய்.

உள்ளே மணமேடையில், மாப்பிள்ளை பெண் உட்காரும் சோபாவில், மன்றத் தலைவர் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே மன்றத்தின் பேனர். அதில் பாதிக்கு மேல் சமுத்திரம்தான். கிணற்று மேட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே பெரிய எழுத்தில்: இரவெல்லாம் ஓய்வு, நாடெல்லாம் ஒளி. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா பால்கோவா கொடுத்தார்கள்.

சங்கரலிங்கம் மைக்கைத் தட்டினார். "இந்த மன்றம் எந்தப் பக்கமும் சாயாது. அதனாலதான் தீர்ப்பை முன்னாடியே அச்சடிச்சுக் கையோட கொண்டு வந்திருக்கோம். எல்லார் பேச்சையும் கேட்டுட்டு எழுதுனா மனசு ஒரு பக்கம் இளகிரும். இளகிட்டா அப்புறம் நடுநிலை எங்கே? ஆகவே யாரும் பயப்படாம மனம் திறந்து பேசலாம்."

கூட்டம் கைதட்டியது.

முதலில் எழுந்தவர் பொன்னுராஜ். நிலக்கரி வியாபாரிகள் சங்கத் தலைவர். "கட்டாயம் கூடாது! சூரியன் யாரு? சாயங்காலமானா வீட்டுக்குப் போற ஆளு. நிலக்கரி போகுமா? ராத்திரி பகல் பாக்காம எரியும். இதோ பாருங்க, நம்ம சமுத்திரம். இவரு வாழை வாடுது. இந்த ஏழையோட கண்ணீருக்கு யாரு பதில் சொல்றது?"

தனக்காகப் பேச ஒருவர் வந்துவிட்டாரே என்று சமுத்திரம் எழுந்து கும்பிட்டான். "அய்யா, அப்படியே எனக்குப் பழைய லைனைக் குடுக்கச் சொல்லுங்கய்யா."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கர்ச்சீப்பை மடித்தார். "லைனா? விவசாயத்துக்கு விடுற ஓசிக் கரண்டா? அது இந்த நாட்டைப் பிடிச்ச இன்னொரு வியாதியாச்சே. அதுக்குத் தனியா ஒரு கூட்டம் வச்சிருக்கோம், அங்கே எதிர்த்துப் பேசுறேன். இன்னைக்கு உங்களை ஆதரிச்சு மட்டும்தான் பேசுவேன்."

அடுத்து சென்னையிலிருந்து வந்திருந்த கல்பனா. பூமியைக் காக்கும் அமைப்பு ஒன்றின் செயலாளர். "கட்டாயம் வேண்டும். அறுபது போதாது, நூறு வேண்டும்! சமுத்திரம் அண்ணாவைப் பாருங்கள். பிறக்கப் போகும் தலைமுறைக்காக இருட்டைத் தேர்ந்தெடுத்த மனிதர்!"

"இவுக எதையும் தேர்ந்தெடுக்கலம்மா. இருட்டு இவுகளுக்குப் பங்குல வந்தது" என்றாள் செல்லத்தாய்.

கல்பனா நெகிழ்ந்து போய் அதை எழுதிக்கொண்டாள்.

"அம்மா, நான் வெயில் மோட்டாரை வேண்டாம்னு சொல்லலை" என்றான் சமுத்திரம். "நல்லாத்தான் ஓடுது. எங்கண்ணன் தோப்பு செழிப்பா இருக்கு. ராத்திரிக்கு ஒரு பேட்டரி வாங்கிக் குடுத்தா நானும் கும்பிட்டுக்கிடுவேன்."

"பேட்டரியா?" கல்பனாவின் முகம் சுருங்கியது. "அதுக்கு எங்கேயோ ஒரு மலையைத் தோண்டணும் அண்ணா. முகம் தெரியாத அந்த மலைக்காக நீங்க கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

அப்புறம் விக்னேஷ்வரன் வந்தார். அவர் பேச்சில் உணர்ச்சி எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான். "இவர் முன்னாடி ராத்திரி மோட்டார் ஓட்டுவார். அதுக்கு நிலக்கரி எரிஞ்சுது. இப்ப ஓட்டலை. எரியாத நிலக்கரி எதுக்குச் சமம்? வெயிலுக்குச் சமம். ஆக, ராத்திரியில இவர் எம்புட்டு நேரம் சும்மா இருக்காரோ அம்புட்டும் சூரிய மின்சாரம். இந்த வட்டாரத்துல ராத்திரி நேரத்துல அதிகமா சூரிய மின்சாரம் கிடைக்கிறது சோழபுரத்துலதான்னு பெருமையோட சொல்லிக்கிறேன். இந்த மாதிரி சும்மா இருக்கிற விவசாயிகளை இன்னும் கொஞ்சம் உருவாக்கிட்டோம்னா நாற்பது என்ன, அறுபதே கைக்கெட்டுற தூரம்தான்."

மண்டபம் அதிர்ந்தது. பால்கோவா டப்பாவை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

சமுத்திரத்தை மைக்குக்கு அழைத்தார்கள். அவன் மலைச்சாமியைத் திரும்பிப் பார்த்தான். மலைச்சாமி முதல் வரிசையில் உட்கார்ந்து பால்கோவாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பேச்சு வராதுங்க" என்றான் சமுத்திரம். "கிணத்துல எம்முறை ராத்திரி. பேட்டரி தாரேன்னு சொல்லித்தான் இந்த எஞ்சினியரு எங்ககிட்ட கையெழுத்து வாங்குனாரு. எங்கண்ணனையும் ஏமாத்திட்டாரு. பேட்டரி குடுங்க, இல்லன்னா லைனைக் குடுங்க. வாழை குலை தள்ளுது. இன்னைக்குக் குடுத்தாக்கூட பாதியைக் காப்பாத்திருவேன்."

விக்னேஷ்வரனுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் எத்தனையோ குறை சொல்லலாம், பொய் சொன்னார் என்று மட்டும் அதுவரை யாரும் சொன்னதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

"மன்னிக்கணும். பேட்டரின்னு நான் எந்த இடத்துலயும் சொல்லலை. ராத்திரி ஓடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட தெளிவாச் சொன்னேன். 'தம்பி முறை ராத்திரியாச்சே, அவர் ஒத்துக்கிடுவாரா'ன்னுகூட கேட்டேன். 'அவங்கிட்ட நான் பேசிக்கிடுதேன், நீங்க வாயைத் தொறக்காதீங்க'ன்னு இவர்தான் சொன்னார். இங்கேயே இருக்கார். கேளுங்க."

சமுத்திரம் திரும்பினான். மைக் அவன் வாய்க்கு நேரே இருந்ததால், "அண்ணே?" என்று அவன் முனகியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

மலைச்சாமி டப்பாவை மூடினான். எழுந்திருக்கவில்லை. "இப்ப என்னலே அதுக்கு? மோட்டார் நல்ல மோட்டாருதானே? சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

சங்கரலிங்கம் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் குடும்பச் சண்டை என்றால் சட்டத்தைவிடச் சுலபமாகப் புரியும். "சரி, இதுல கஷ்டம் என்ன இருக்கு? பகலை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கோங்க. மலைச்சாமி, என்ன சொல்றீங்க?"

மலைச்சாமி இப்போது எழுந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மைக் வரை நடந்து வந்தான். தம்பி முகத்தைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசினான்.

"அய்யா, எங்கப்பா வச்ச முறை. அதை மாத்துனா அவரு ஆத்மா சும்மா விடாது. தம்பியோட ராத்திரியில நான் என்னைக்காவது தலையிட்டிருக்கேனா? இனிமேலும் தலையிட மாட்டேன். ராத்திரி முழுசும் அவனுக்கே."

இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அண்ணனா என்று கூட்டத்தில் பலர் கண் கலங்கினார்கள். மரபைக் காப்பவர் என்று சொல்லி மலைச்சாமிக்குத்தான் முதல் பொன்னாடை போட்டார்கள். கல்பனா அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அச்சடித்த தீர்ப்பைச் சங்கரலிங்கம் வாசித்தார். பயனாளி சமுத்திரம் நேரில் வந்து தம் முழு மனநிறைவைத் தெரிவித்தார் என்று அதில் இருந்தது. "நான் அப்படிச் சொல்லலையே" என்று சமுத்திரம் எழுந்தான். "சொல்லலைன்னா என்ன? நேர்ல வந்தீங்கல்ல, பாதி சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மேலே வாசித்தார். நாற்பது அறுபது ஆனது. கட்டாயம் வேண்டாம் என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வெளியே விக்னேஷ்வரனின் ஜீப் நின்றது. மலைச்சாமி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பின்னால இடம் கெடக்கு, ஏறுங்க" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நாங்க பஸ்ல வாரோம். உங்க காத்து படாம" என்றாள் செல்லத்தாய்.

பஸ்ஸில் வன்னியம்பட்டி தாண்டும்போது சமுத்திரம், "எஞ்சினியர் பொய் சொல்லுதானோன்னு பாத்தேன். இல்ல. அவன் பொய் சொல்லலை" என்றான். சொல்லிவிட்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எஞ்சினியர் பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் உச்சி வெயில். மலைச்சாமியின் முறை. பலகைகள் சுடச்சுட மினுங்க, மோட்டார் கும்மென்று ஓடியது. மலைச்சாமியின் நெல்லுக்குப் போகிற வாய்க்கால் சமுத்திரத்தின் வாழையை உரசிக்கொண்டுதான் போகும். வாய்க்காலுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் கரை, அவ்வளவுதான். மண்வெட்டியோடு கரையில் நின்ற சமுத்திரத்தின் காலடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. வாழை இலையெல்லாம் நரம்போடு கிழிந்து தொங்கியது. முன் வரிசையில் ஒரு மரம் குலையைப் பாதி வெளியே தள்ளிவிட்டு, மீதியைத் தள்ளத் திராணியில்லாமல் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றது.

செல்லத்தாய் குடத்தோடு வந்தவள் அவன் நிற்கிற நிலையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"வெட்டுங்க."

"அது அவன் முறைடி."

"முறையா? ஒங்க கையைப் புடிச்சுக் கையெழுத்து வாங்குனப்ப அந்த முறை எங்க போச்சு? வெட்டுங்கன்னா."

பிறந்ததிலிருந்து அவன் செய்யாத காரியம். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது வெட்டில் கரை உடைந்தது. தண்ணீர் செத்த நேரம் யோசிக்கிற மாதிரி உடைப்பு வாயில் தேங்கி நின்றது. பிறகு திரும்பி வாழைக்குள் பாய்ந்தது. வெடித்துக் கிடந்த மண் புஸ் புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டு குடித்தது. செல்லத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு தூருக்கும் அனுப்பினாள்.

இரண்டு வரிசை நனைந்திருக்கும். ஜீப் சத்தம் கேட்டது.

விக்னேஷ்வரன் இறங்கி, சேறு படாமல் வரப்பு மேலேயே நின்றார். கூட ஒரு போர்மேன். கொஞ்சம் தள்ளி, நெல் வரப்பில், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலைச்சாமி.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க சமுத்திரம்!" விக்னேஷ்வரனின் குரலில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம் இருந்தது. "நீங்க ராத்திரிக் கணக்குல இருக்கிற ஆளு. பகல்ல தண்ணி எடுத்தா உங்க ராத்திரிச் சேமிப்பு அம்புட்டும் ரத்தாயிரும். நேத்துத்தான் உங்களை வச்சு அறுபது வாங்கியிருக்கோம். இன்னைக்கு நீங்களே அதைக் கவுத்தா மேலிடத்துக்கு நான் என்ன எழுதுறது? சூரிய மின்சாரம் களவுன்னு வழக்குப் போடுறதைத் தவிர எனக்கு வேற வழியே இல்ல."

"வெயிலையா சார் களவாண்டேன்?"

"அடுத்தவர் நேரத்து வெயில்."

போர்மேன் பேனாவை எடுத்தார். "சாட்சி வேணும் சார். இவர் கரையை வெட்டுனதைப் பாத்தவங்க யாராவது?"

வாழைக்குள் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லத்தாய் கையில் சேற்றோடு நிமிர்ந்து பார்த்தாள்.

மலைச்சாமி வரப்பிலிருந்து இறங்கி வந்தான்.

"நான் பாத்தேன் சார்."

சமுத்திரம் அவனைப் பார்த்தான்.

"தெனமும் இந்த வழியாத்தான் போனே வந்தே. வாழை வாடுனது ஒங்கண்ணுல படலை. இது மட்டும் பட்டுருச்சு, என்னண்ணே."

மலைச்சாமி கிட்டே வந்து தம்பி கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான். உடைந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டான். போட்டுவிட்டு மேலே ஏறி நின்று, முதலில் குதிகாலால், பிறகு முன் பாதத்தால், மாற்றி மாற்றி மிதித்தான். சின்ன வயதில் இரண்டு பேரையும் கையைப் பிடித்து நிறுத்தி அப்பா மிதிக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரியே மிதித்தான். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.